உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்கு நுரை எடுக்கும் குழாய்



கடல் அலங்கார மீன் வளர்ப்பைத் தொழிலாக எடுக்கலாமா என்று கடலோரக் குழுக்களில் பேச்சு நடக்கிறது. கோமாளி மீன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்கி, சில மாதம் வளர்த்து விற்பது என்பது யோசனை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையில் பல வருடம் வேலை செய்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி எடுத்துச் செய்கிறார்கள். ஆகவே நம்மால் முடியாத காரியம் இல்லை.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆடு வளர்த்தால் ஒரு ஆடு சீக்கில் விழும், மற்றதைக் காப்பாற்றலாம். மீன்தொட்டி அப்படி இல்லை. தண்ணி கெட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அத்தனையும் மிதந்துவிடும். மீன் போனாலும் வங்கிக் கடன் தவணை நிற்காது. அதனால் இந்த இதழில் மீனைப் பற்றிப் பேசாமல் தண்ணியைப் பற்றிப் பேசுவோம். அதிலும் தண்ணியிலிருந்து அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஒரு குழாயைப் பற்றி. கடைக்காரர்கள் இதை 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்பார்கள். நாம் நுரைக்குழாய் என்றே சொல்லிக்கொள்வோம்.

தண்ணி எப்படிக் கெடுகிறது?

நாம் போடும் தீவனத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் இருக்கும். 100 கிராம் தீவனத்தில் 40 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளே சுமார் ஆறரை கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் சாப்பிட்டது போக மிச்சம் தண்ணியில் கரையும். சாப்பிட்டதும் கழிவாக வெளியே வரும். இந்தப் புரதம் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா மீனின் செவுளை எரித்துவிடும். கடல்தண்ணி இயற்கையிலேயே காரத்தன்மை உள்ளது. காரம் கூடக்கூட அம்மோனியாவின் விஷம் கூடும். குளத்து மீன் தாங்குகிற அளவைக்கூட உப்புத்தண்ணித் தொட்டி மீன் தாங்காமல் போவதற்கு இதுவே காரணம்.

தொட்டியில் பவளக்கல் சிதறலோ பிளாஸ்டிக் பந்துகளோ போட்டு வைத்தால், அதில் ஒட்டி வளரும் நல்ல பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டுக்கு அவ்வளவு விஷம் இல்லை. இது அழுகிய பிறகு நடக்கும் வைத்தியம். நுரைக்குழாய் செய்வது வேறு வேலை. புரதம் அழுகுவதற்கு முன்பே அதை அள்ளி வெளியே போட்டுவிடும்.

நுரை ஏன் அழுக்கைத் தூக்குகிறது?

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. பருப்பு வேகும்போது மேலே பொங்கி வரும் நுரையைக் கரண்டியால் வழித்துப் போடுகிறோம். பலகாரத்துக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையில் சேர்ந்து மேலே வரும், எடுத்துவிடுவோம். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் வெண்டைச் செடியின் கொழகொழப்பைக் கரைத்து ஊற்றி அழுக்கை வழிப்பதைப் பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள்.

புரதத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் ஒரு பகுதி தண்ணியோடு சேரப் பார்க்கும், இன்னொரு பகுதி தண்ணியை விட்டு விலகப் பார்க்கும். தண்ணிக்குள் ஒரு காற்றுக்குமிழி வந்தால் அதற்கு நல்ல இடம் கிடைத்த மாதிரி. தண்ணி பிடிக்கும் பக்கம் தண்ணியில், பிடிக்காத பக்கம் காற்றில் என்று குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏறும்போது அதுவும் கூடவே ஏறும். மேலே குமிழிகள் ஒன்றுசேர்ந்து நுரையாகும். சவர்க்காரம் நுரைப்பதும் இதே குணத்தால்தான். கடற்கரையில் கலங்கல் நாட்களில் நுரை ஒதுங்குவதும் இப்படித்தான். 2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மெரினா பக்கம் வெள்ளை வெள்ளையாய் நுரை ஒதுங்கி, பிள்ளைகள் அதில் விளையாடிய படங்கள் வந்தன. அது நகரத்துக் கழிவு கடலில் கலந்ததால் வந்த நுரை, விளையாடுகிற நுரை இல்லை.

இந்த வேலை உப்புத்தண்ணியில்தான் நன்றாக நடக்கும். நல்ல தண்ணியில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புத்தண்ணியில் சேராமல் சின்னச் சின்னதாகவே நிற்கும். ஆகவே கப்பி, மோலி, தங்கமீன் வளர்க்கும் குழுக்கள் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

குமிழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது

நுரைக்குழாயின் சூட்சுமம் முழுதும் இதில் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு லிட்டர் காற்றை 4 மில்லிமீட்டர் குமிழிகளாக விட்டால், எல்லாக் குமிழியின் தோலையும் விரித்துப் போட்ட பரப்பு சுமார் 16 சதுர அடி, ஒரு பாய் விரித்த அளவு. அதே ஒரு லிட்டர் காற்றை 1 மில்லிமீட்டர் குமிழிகளாக விட்டால் சுமார் 64 சதுர அடி. அதாவது எட்டுக்கு எட்டு அறை. அரை மில்லிமீட்டர் ஆக்கினால் இரண்டு அறை. காற்று அதே காற்று, கரண்டு அதே கரண்டு. ஆனால் புரதம் ஒட்டிக்கொள்ள இடம் எட்டு மடங்கு.

சாதாரண காற்றுக்கல் போட்டால் பெரிய குமிழிதான் வரும். மரத்தில் செய்த காற்றுக்கல் மீன் சாமான் கடைகளில் கிடைக்கும், அதில் புகை மாதிரி நுண்ணிய குமிழி வரும். விலை கூடிய இயந்திரங்களில் ஊசிமுனைகள் வைத்த சக்கரம் காற்றையும் தண்ணியையும் சேர்த்துச் சிலுப்பும். மோர் கடைகிற மத்து நினைவுக்கு வரும். அது நல்லதுதான், ஆனால் பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆள் இல்லை. முதல் தொட்டிக்கு மரக்கல்லே போதும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது சூட்சுமம் எதிர்ப்போக்கு. அழுக்குத்தண்ணி மேலிருந்து கீழே வர வேண்டும், குமிழி கீழிருந்து மேலே போக வேண்டும். இரண்டும் எதிரும் புதிருமாகச் சந்தித்தால், தண்ணி வெளியேறும் கடைசி இடத்தில் புத்தம்புதுக் குமிழி அதைத் துடைத்து அனுப்பும். அழுக்குத் துணியைக் கடைசியில் நல்ல தண்ணியில் அலசுகிற மாதிரி.

நாமே செய்யும் குழாய்

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில் ஒன்றே முக்கால் அடிக்குத் தண்ணி நிறுத்தினால் சுமார் 300 லிட்டர். இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு குழாய் சொல்கிறேன். பைப் கடையில் கிடைக்கும் சாமான்களே போதும்.

4 இஞ்ச் பிவிசி பைப்பில் இரண்டரை அடி வெட்டிக்கொள்ளுங்கள். கீழே எண்ட் கேப் போட்டு ஒட்டுங்கள். மேலே 4-க்கு 2 இஞ்ச் ரெடியூசர். அந்த ரெடியூசரில் அரை அடி நீள 2 இஞ்ச் பைப்பைச் செருகுங்கள். இதை மட்டும் ஒட்ட வேண்டாம், கழற்றிக் கழுவ வேண்டும். இதுதான் கழுத்து. வாயகலமான தெளிந்த பிளாஸ்டிக் ஜாடி ஒன்றின் அடியில் வட்டமாக ஓட்டை போட்டு, கழுத்துப் பைப் ஜாடிக்குள் மூன்று நான்கு இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, ஓட்டையைச் சுற்றி ஒழுகாமல் அடையுங்கள். கழுத்தின் வழியே ஏறும் நுரை விளிம்பைத் தாண்டி ஜாடிக்குள் விழும், திரும்பிப் போக முடியாது. பானை மேல் பானை வைத்து ஆவி பிடிக்கிற மாதிரிதான். ஜாடி மூடியில் காற்றுப் போக நாலைந்து துளை வேண்டும்.

தண்ணி நுழையும் துளை, கீழிருந்து 24 இஞ்ச் உயரத்தில். வெளியேறும் துளை, கீழிருந்து 2 இஞ்ச் உயரத்தில். காற்றுக்கல் கீழிருந்து 4 இஞ்ச் உயரத்தில் இருக்க வேண்டும். வெளியேறும் துளைக்குக் கீழே கல் இருந்தால் குமிழி எல்லாம் தண்ணியோடு தொட்டிக்கே போய்விடும். அப்புறம் நுரை எங்கே வரும்?

வெளியேறும் துளையில் 1 இஞ்ச் எல்போ போட்டு, ஒரு பைப்பைக் குழாயின் பக்கவாட்டில் 26 இஞ்ச் உயரம் வரை மேலே ஏற்றி, அங்கே ஒரு டீ போட்டுத் தொட்டிப் பக்கம் திருப்புங்கள். டீயின் மேல் வாய் திறந்தே இருக்கட்டும். மூடினால் தண்ணி இழுத்துக்கொண்டு குழாய் காலியாகிவிடும். ஏறும் பைப்பின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வால்வு. குழாயையும் தொட்டியையும் ஒரே மேசையில் வைத்தால், தொட்டி விளிம்பு 24 இஞ்ச், தண்ணி விழும் வாய் 26 இஞ்ச். தானாக விழும், இன்னொரு பம்பு தேவையில்லை.

பித்தளை வால்வு, செம்புக் கம்பி, நாகம் பூசிய சாமான் எதுவும் உப்புத்தண்ணியில் படக்கூடாது. கொஞ்சம் செம்பு கரைந்தாலே இறாலும் கடல் சாமந்தியும் செத்துப்போகும். ஒட்டிய பிறகு பசை ஒரு நாள் முழுதும் காய வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணியில் ஊறவைத்து, தினம் தண்ணி மாற்றிக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு தண்ணி, எவ்வளவு காற்று?

தண்ணி நிமிடத்துக்கு 5 லிட்டர் போதும். மணிக்கு 300 லிட்டர் ஆகிறது, அதாவது தொட்டித் தண்ணி முழுதும் மணிக்கு ஒரு தரம் குழாய்க்குள் போய் வரும். நுழைகிற துளையிலிருந்து கல் வரை உள்ள இடத்தில் நாலு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆகவே தண்ணி குமிழியோடு முக்கால் நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. கீழே இறங்கும் வேகம் வினாடிக்கு 1 சென்டிமீட்டர்தான். குமிழி அதைவிடப் பல மடங்கு வேகமாக மேலே ஏறும், அதனால் எதிர்த்துப் போய்விடும். பம்பு பெரிதாய் இருந்தால் நல்லது என்று நினைத்து நாலு மடங்கு தண்ணி விட்டால், தண்ணி தங்காது, நுண்ணிய குமிழியையும் கீழே இழுத்துப்போகும்.

பம்பு அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணியை மேலே ஏற்றும்போது வராது. பக்கெட்டும் கடிகாரமும் வைத்து அளந்து பாருங்கள். காற்று மோட்டார் நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் காற்று தருவதாக இருக்கட்டும். மரக்கல்லுக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், சின்ன மோட்டார் மூச்சு வாங்கும்.

கரண்டுச் செலவைக் கேட்பீர்கள். 10 வாட் பம்பும் 5 வாட் காற்று மோட்டாரும் இரவும் பகலும் ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட்.

பம்பைத் தொட்டியின் அடியில் போடாமல், தண்ணி மேல்மட்டத்துக்கு மூன்று நான்கு இஞ்ச் கீழே கட்டித் தொங்கவிடுங்கள். இதில் இரண்டு லாபம். புரதமும் எண்ணெய்ப் படலமும் மேல்மட்டத்தில்தான் சேரும், அந்த அழுக்குத்தண்ணியே குழாய்க்குப் போகும். அடுத்து, எங்காவது ஒட்டு விட்டு ஒழுகினாலும் பம்பு நாலு இஞ்ச் தண்ணியைத்தான் வெளியே கொட்டும். பம்பு கெட்டால் வேறு வாங்கலாம். தொட்டி வற்றினால் மீன் என்ன ஆகும்?

காற்று மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்டு போனதும் தண்ணி டியூப் வழியே இறங்கி மோட்டாருக்குள் வந்துவிடும். ஒயர் நேராகப் பிளக்குக்கு வராமல் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். ஒயரில் வழியும் தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கரண்டுக் கசிவு வந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம் போடுங்கள். உப்புத்தண்ணியில் கரண்டு பாய்வது நல்ல தண்ணியைவிட அதிகம்.

ஓடவிட்டுச் சரிபண்ணுவது

முதலில் வால்வை முழுதும் திறந்து தண்ணி விடுங்கள். காற்றையும் விடுங்கள். காற்று விட்ட பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்று கலந்ததும் மட்டம் ஏறும். ஜாடியோடு கழுத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, மட்டம் ரெடியூசருக்கு இரண்டு இஞ்ச் கீழே நிற்கும்படி வையுங்கள்.

முதல் சில நாள் நுரை வராது. குழாய் புதிது, பிளாஸ்டிக்கில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அவசரப்பட்டு மட்டத்தை ஏற்றினால் ராத்திரி திடீரென்று பொங்கி ஜாடி நிரம்பி வழியும். ஒரு வாரம் வரை பொறுங்கள்.

நுரைத்தண்ணி எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். டீ டிகாஷன் மாதிரி கருத்து, கெட்டியாக, நாற்றமாக வந்தால் கழுத்தில் நுரை நன்றாக வடிந்து வருகிறது. மட்டம் இறங்கினால் இப்படி வரும், அளவு குறைவாக இருக்கும். அரிசி கழுவின தண்ணி மாதிரி நிறைய வந்தால் மட்டம் அதிகம், நல்ல தண்ணியும் சேர்ந்து போகிறது. இரண்டுக்கும் நடுவில் வைப்பது நல்லது.

இன்னொன்று. தீவனம் போட்டதும் நுரை படுத்துவிடும். தீவன எண்ணெய்தான் காரணம், சிறிது நேரத்தில் எழும்பும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவின கையோடு தொட்டியில் கைவிட்டாலும் இப்படியே ஆகும். கையைக் கழுவிவிட்டு, சோப்பு வாசனை போக நல்ல தண்ணியில் அலசிவிட்டுத் தொடுங்கள்.

மரக்கல் சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும். குமிழி பெரிதாகத் தெரிந்தால் கல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கழுத்தின் உள்பக்கம் படியும் பிசுக்கை இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் துணியால் துடைக்காவிட்டால் நுரை ஏறாது. யார் எந்தக் கிழமை துடைப்பது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு மாதிரி இதற்கும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, ஜாடியில் எத்தனை டம்ளர், என்ன நிறம், துடைத்தவர் கையெழுத்து. இது வெறும் சடங்கு இல்லை. தினம் அரை டம்ளர் வருகிற இடத்தில் ஒருநாள் மூன்று டம்ளர் வந்தால், கல்லுக்கு அடியில் ஒரு மீன் செத்துக் கிடக்கலாம், தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் காற்று டியூபைப் பாருங்கள். மீன் சொல்வதற்கு முன்னே நோட்டு சொல்லிவிடும்.

உறுப்பினர்கள் கேட்கக்கூடியவை

"கடல் பக்கத்திலேயே இருக்கே, தினம் தண்ணி மாத்தினா போதாதா?" நல்ல கேள்வி. சுத்தமான கடல்தண்ணி வாசலிலேயே கிடைத்து, இறைக்கவும் ஆள் இருந்தால் போதும்தான். கடனில் இயந்திரம் வாங்காதீர்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கலங்கி, மழைத்தண்ணி கலந்து உப்பும் குறைந்துவிடும். அந்த நாட்களில் வெளித்தண்ணியை எடுக்க முடியாது, இருக்கிற தண்ணியை வைத்தே ஓட்ட வேண்டும். அப்போது நுரைக்குழாய் கைகொடுக்கும். உள்ளூரில் உப்புப் பொடி கரைத்து வளர்ப்பவர்களுக்கு வருடம் முழுதும் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் காசு.

"நுரைக்குழாய் இருந்தா தீவனம் கூடப் போடலாமா?" கூடாது. ஏற்கெனவே உண்டான அம்மோனியாவை இது எடுக்காது, நைட்ரேட்டையும் எடுக்காது. பாக்டீரியாக் கல்லும் வேண்டும், தண்ணி மாற்றுவதும் வேண்டும். காற்று கலப்பதால் ஆக்சிஜன் கூடும், அது ஒரு உபரி நன்மை.

"குஞ்சு பொரிக்கிற தொட்டியில வைக்கலாமா?" வைக்கக் கூடாது. கோமாளி மீன் முட்டை ஏழெட்டு நாளில் பொரியும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அந்தக் குஞ்சுக்கு உணவாக விடும் ரோட்டிஃபர், பச்சைப்பாசி இரண்டையும் நுரைக்குழாய் அள்ளிப் போட்டுவிடும். குஞ்சையும் பம்பு இழுத்துவிடும். வளர்ந்த மீன் தொட்டிக்கு மட்டுமே இது. மருந்து போடும் நாட்களிலும் கேட்டுக்கொண்டு நிறுத்தி வையுங்கள், சில மருந்து தாறுமாறாக நுரைக்கும்.

"தண்ணி குறைஞ்சா என்ன தண்ணி ஊத்துறது?" வெயிலில் ஆவியாகிப் போனதற்கு நல்ல தண்ணி ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது. ஜாடியில் வெளியே போனதற்கு உப்புத்தண்ணி ஊற்ற வேண்டும், அதில் உப்பும் சேர்ந்து போய்விட்டது. வாரம் இரண்டு தரம் உப்புமானியில் பாருங்கள், லிட்டருக்கு 33 முதல் 35 கிராம் நிற்க வேண்டும்.

"மீனை நாமளே கடல்ல பிடிச்சு விட்டா என்ன?" மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. தொட்டால் வழக்கு, குழுவின் பெயரும் கெடும். அழகுக்கு என்று பவளக்கல் உடைத்து வந்து போடுவதும் இதில் சேரும். தொட்டிக்குப் போடும் கல்லும் ரசீதோடு வாங்கியதாக இருக்கட்டும். பொரிப்பகக் குஞ்சுக்கும் ரசீது வாங்கி வையுங்கள், வியாபாரி கேட்பார்.

ஜாடியில் சேரும் கருப்புத் தண்ணியைச் செடிக்கு ஊற்றுவது உரம் என்று சிலர் நினைக்கலாம். உரச்சத்து உண்டு, ஆனால் உப்பும் உண்டு, செடி கருகிவிடும். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் தள்ளி, பிள்ளைகள் புழங்காத இடத்தில் குழி வெட்டி ஊற்றுங்கள்.